சாமந்திக்கு எதுக்கும்மா கரண்ட்?

போன வாரம் எங்கள் ஊர் மின்சார ஆபீசுக்கு போன் போட்டு, "சார், எங்க வூட்டு சாமந்திக்கு மூச்சு முட்டுது, கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

எதிர்முனையில் ரொம்பப் பொறுமையாக ஒரு குரல் கேட்டது.

"சாமந்திக்கு எதுக்கும்மா கரண்ட்?"

நியாயமான கேள்விதான். போன வருஷம் வரை நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நான் சொன்னது தலையில் வைக்கிற சாமந்தி இல்லை. கடல் சாமந்தி. கடலுக்கு அடியில் பாறையில் ஒட்டிக்கொண்டு, விரல் விரலாக நீட்டி ஆட்டிக்கொண்டிருக்குமே... அது. பார்க்கப் பூ மாதிரி இருக்கும். ஆனால் பிராணி. வாய் உண்டு, வயிறு உண்டு, கால் என்று ஒன்று உண்டு. மூளை கிடையாது. மூளை இல்லாத ஒரு ஜீவன், மூளை இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் மூன்று பேரை ஆட்டிவைத்த கதைதான் இது.

ஜவ்வாது மலைக்கும் கடல் சாமந்திக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. என் கணவரின் தம்பி தினகரனைத் தவிர.

தினகரன் சென்னையில் ஒரு மீன் தொட்டிக் கடையில் வேலை பார்த்தவன். பங்களாக்களுக்கும் ஓட்டல்களுக்கும் போய் கடல் மீன் தொட்டி அமைத்துக் கொடுப்பது அவன் தொழில். போன வருஷம் பைக்கில் போகும்போது ஒரு வேன் இடித்து, வலது கால் எலும்பு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். அவன் தங்கியிருந்த அறையோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. "கால் சரியாகுற வரைக்கும் எங்ககிட்ட வந்து இரு" என்று கூப்பிட்டேன்.

"வர்றேன் அண்ணி" என்றான்.

தொட்டியும் கூட வரும் என்று சொல்லவில்லை.

ஒரு மினி லாரியில் வந்து இறங்கியது. கண்ணாடித் தொட்டி, பாறைகள், பம்புகள், நீல விளக்கு, ஹீட்டர், பெயர் தெரியாத குழாய்கள். ஒரு வாளியில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். இன்னொரு வாளியில், மூடி போட்டு, பிறந்த குழந்தையைக் கொண்டுவருவது போல மடியில் வைத்துக்கொண்டு வந்தானே... அதில்தான் இந்த மகாராணி.

ஹாலில் டிவி இருந்த இடம் தொட்டிக்குப் போனது. டிவி எங்கள் படுக்கையறைக்கு வந்தது. என் கணவர் குமரவேலுக்கு அதில் ஏக சந்தோஷம். எனக்கு அன்று ஆரம்பித்தது தலைவலி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடல் எங்கே, நாங்கள் எங்கே? இந்த மலையில் சாமை விளையும், புளி காய்க்கும், பலா பழுக்கும். என் கணவரே சாமையும் புளியும் வாங்கி விற்கிற மண்டிதான் வைத்திருக்கிறார். ஆனால் உப்புத் தண்ணீர் என்று எங்கள் ஊரில் இருப்பது கண்ணீர் மட்டும்தான்.

ஆகவே கடலை நாங்களே தயாரிக்க வேண்டும். இதற்கென்று தனி உப்பு இருக்கிறது. அது சென்னையிலிருந்து கூரியரில் திருப்பத்தூர் வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் மலை ஏற மாட்டார்களாம். ஒவ்வொரு தடவையும் யாராவது பஸ்ஸில் மலையிறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டும். தண்ணீர்? எங்கள் போர் தண்ணீர் ஆகாது. நாங்கள் குடிக்கிறோம், சமைக்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் அதற்கு ஆகாதாம். ஆர்.ஓ. தண்ணீர் கேனில் வாங்கி, உப்பைக் கலந்து, பம்பு போட்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றவிட்டு, கருவி வைத்து உப்பு அளவு பார்த்து...

இத்தோடு விட்டதா?

ஹாலில் கொசுவத்தி கூடாது. சாம்பிராணி கூடாது. பாத்திரம் தேய்த்த கையைத் தண்ணீரில் விடக் கூடாது, சோப்பு ஒட்டியிருக்கும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே இருக்கும், மறுபடியும் உப்பு சேர்ந்தால் கரித்துவிடும். இது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. என் கணவருக்கு இன்னும் புரியவில்லை.

சாப்பாடு விஷயமாவது எளிதா என்றால் அதுவும் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை, சின்னதாக ஒரு இறால் துண்டு. அவ்வளவுதான். பாவமாக இருக்கிறதே என்று ஒருநாள் பெரிய துண்டாகக் கொடுத்தேன். விரல்களால் இழுத்து, வாய்க்குள் தள்ளி, அழகாக முழுங்கியது. மறுநாள் அப்படியே கக்கிவிட்டுச் சுருங்கி, அழுகின தக்காளி மாதிரி கிடந்தது. செத்தே போய்விட்டது என்று நான் பதறினேன்.

தினகரன் வந்து பார்த்தான். "அது கழிவை வெளிய தள்ளுது அண்ணி. தானே விரியும்."

"நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதான் இதுல பெரிய வேலை."

அதைக் கேட்டதும் எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே... இவ்வளவு வேலை வாங்கிவிட்டு, கடைசியில் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பெரிய வேலையாம்.

ஆனால் அவன் சொன்னது உண்மை. தண்ணீரின் சூடு மாறக் கூடாது, உப்பு மாறக் கூடாது, வெளிச்சம் மாறக் கூடாது. இன்றைக்கு எப்படியோ நாளைக்கும் அப்படி. ஒரு மாற்றமும் இல்லாமல் வைத்திருந்தால் அது பாட்டுக்கு இருக்கும். நமக்குத்தான் அப்படிச் சும்மா இருக்க வராது. கை அரிக்கும். எதையாவது நகர்த்துவோம், எதையாவது ஊற்றுவோம். மனிதர்களிடமும் இதே கதைதானே? தினகரன் வந்த புதிதில் எத்தனை பேர் வீட்டுக்கு வந்து அவனுக்கு வழி சொன்னார்கள். ஆடு வளர்க்கச் சொன்னார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, அவன் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விபத்துக்குப் பிறகு அவன் கட்டிலை விட்டு எழுந்திருப்பதே பெரும்பாடு. நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்க மாட்டான். நாங்கள் கெஞ்சினாலும் மாட்டான். ஆனால் காலையில் தொட்டி விளக்கு எரிகிற நேரத்துக்கு, குச்சியை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்துவிடுவான். உப்பு பார்க்க நிற்பான். தண்ணீர் மாற்ற அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடப்பான். அந்த நடைதான் அவனுடைய நடை. அதனால்தான் நானும் சாம்பிராணியைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்விட்டு, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் போன வாரம் காலில் வைத்த பிளேட்டை எடுக்க வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். கூட இருந்து பார்த்துக்கொள்ள வேலூரிலேயே என் நாத்தனார் இருக்கிறார். தொட்டியைப் பார்த்துக்கொள்ள... வேறு யார்?

கிளம்பும்போது ஜீப்பில் உட்கார்ந்துகொண்டே சொன்னான். "கரண்ட் ரொம்ப நேரம் போச்சுன்னா பேட்டரில ஓடுற காத்து மோட்டாரைப் போட்டுடுங்க. தண்ணியை உறிஞ்சித் தள்ளுற அலை பம்பு சுவிட்சை அணைச்சிடுங்க. கரண்ட் வந்ததும் ஒடனே போட்டுடாதீங்க. வெளிச்சம் இல்லன்னா அது எடம் தேடி நகரும். எங்க இருக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் போடுங்க அண்ணி."

"உன் காலைப் பாரு, நான் இதைப் பாத்துக்கிறேன்" என்றேன். பெரிய வீராங்கனை மாதிரி.

அவன் போன மறுநாளே காற்றும் மழையும். பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டோரத்துப் புளியமரம் ஒன்று மின்கம்பியோடு சாய்ந்தது. கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு அதுவும் கண்ணை மூடியது. நான் பேட்டரி மோட்டாரைப் போட்டேன். அலை பம்பு சுவிட்சை அணைத்தேன். எல்லாம் அவன் சொன்னபடி.

அடுத்த நாள் காலையிலும் கரண்ட் இல்லை. தொட்டித் தண்ணீர் ஜில்லென்று ஆகியிருந்தது. மீன்கள் இரண்டும் மேலே வந்து நின்றன. சாமந்தி சுருங்கிப்போய்ப் பாறையை விட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தினேன். அதன் பிறகுதான் அந்த போன்.

"சாமந்திக்கு எதுக்கும்மா கரண்ட்?" என்று கேட்டவரிடம் விஷயத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். மரம் வெட்ட ஆள் போயிருப்பதாகச் சொன்னார். எனக்குத்தான் பொறுமை இல்லை. பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, மரம் விழுந்த இடத்துக்கே போனேன்.

தூறலில் நனைந்துகொண்டு லைன்மேன்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கம்பத்துக்குக் கீழே நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதான் அந்த சாமந்தி வூட்டு அம்மாங்களா?"

அதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் போயிருக்கிறது.

"ஆமாங்க. சீக்கிரம் ஆவுமா?"

"இதோ ஆயிடும்மா. டீயைக் குடு மொதல்ல."

குடித்தார்கள். நானும் அங்கேயே நின்றேன். நான் நின்றதால் சீக்கிரம் முடிந்தது என்று நான் நம்புகிறேன். அவர்கள் அப்படி நினைக்க வாய்ப்பில்லை. கம்பத்தில் இருந்தவர் கையைக் காட்டினார். எதிர்க் கடையில் பல்பு எரிந்தது. எனக்கு ஏதோ தேர்தலில் ஜெயித்த மாதிரி இருந்தது. வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் என் கணவர் நின்றிருந்தார். மழையில் மண்டிக்கு யாரும் வராததால் வீட்டுக்கு வந்திருக்கிறார். முகமெல்லாம் பெருமை.

"கரண்ட் வந்துச்சு. நான் எல்லா சுவிட்சையும் போட்டுட்டேன்" என்றார்.

எல்லா சுவிட்சையும்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சாமந்தி பாறையில் இல்லை. இருட்டில் இடம் தேடிப் போன அது, தொட்டியிலேயே மோசமான இடத்தைத் தேடிப் பிடித்திருந்தது. அலை பம்பின் வாய். பம்பு அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பாதி உடம்பு உள்ளே. பிய்ந்த துண்டுகள் தண்ணீரில் பஞ்சு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. மீன்கள் இரண்டும் ஒரு மூலையில்.

சுவிட்சை அணைத்தேன். என் கணவர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது எப்டி அங்க போச்சு?"

நான் மனசுக்குள் சொன்ன பதில் அச்சில் வராது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே மெதுவாகச் சொன்னார். "தினாகிட்ட சொல்லாத. இன்னிக்குதான் ஆபரேஷன். படுத்துட்டு இருக்கிறவனுக்கு எதுக்கு?"

அதில் தம்பி மேல் அக்கறை பாதி. தன் மேல் அக்கறை பாதி. இருந்தாலும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என்ன சொல்வது அவனிடம்? காலையில் எழுந்து வர அவனுக்கு இருந்த ஒரே காரணத்தை உன் அண்ணன் பம்பில் விட்டு அரைத்துவிட்டார் என்றா?

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். மயக்கம் தெளிந்து, குரல் இன்னும் சரியாக வராமல், முதல் கேள்வியே அதுதான்.

"அண்ணி... அங்க மழைன்னாங்களே. கரண்ட் இருக்குதா? சாமந்தி எப்டி இருக்குது?"

என் கணவர் எதிரில் நின்று கையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று.

எனக்குப் பொய் சொல்ல வந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவன் நாளைக்குக் கேட்பான், மறுநாள் கேட்பான், கடைசியில் குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து பார்ப்பான். அன்றைக்கு அந்த முகத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பது? நடந்ததைச் சொல்லிவிட்டேன். சுவிட்ச் போட்டது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வார்டில் யாரோ இருமுவது கேட்டது.

"அண்ணன் போட்டாரா சுவிட்சை?"

"ம்."

"பரவால்ல. அந்தப் பம்பு வாய்க்கு வலை மாட்டணும்னு நானே நெனச்சிட்டு இருந்தேன். விட்டுட்டேன்." பிறகு அவன் குரல் மாறியது. கடையில் வேலை பார்த்த காலத்துக் குரலாக இருக்க வேண்டும், நான் அதுவரை கேட்டதில்லை. "இப்ப சொல்றதைக் கேளுங்க. இழுக்காதீங்க. பம்பு நின்னா அது தானே வுட்டுடும். மெதக்கிற துண்டையெல்லாம் வலையால எடுத்துடுங்க. கரித்தூள் பை புதுசு இருக்கு, ஃபில்டர்ல போடுங்க. தண்ணி கொஞ்சம் மாத்துங்க. அப்புறம் மோந்து பாருங்க. அழுகுன நாத்தம் வந்தா அது போயிடுச்சு, ஒடனே எடுத்துப் போட்டுடணும். இல்லன்னா மீனும் போயிடும்."

"நாத்தம் வரலன்னா?"

"வரலன்னா... ஒண்ணும் பண்ணாதீங்க."

மறுபடியும் அதே.

ஜீப் ஓட்டுகிற பழனிக்கு போன் போட்டு ஆர்.ஓ. கேன்கள் கொண்டுவரச் சொன்னேன். கேனை இறக்கிவைத்துவிட்டு, "வூட்ல விசேஷமாக்கா?" என்று கேட்டார். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. என் கணவர் தானாகவே உப்பு கலந்து சுற்றவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு இவ்வளவு உதவியாக இருந்ததில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக வலையில் எடுத்தேன். சாமந்தி பம்பிலிருந்து தானே நழுவிப் பாறைக்கடியில் விழுந்தது. கிழிந்த துணி மாதிரி கிடந்தது. வாய் பிளந்திருந்தது.

அதன் பிறகு என் வேலை என்ன தெரியுமா? மோந்து பார்ப்பது. காலையில் காபிக்கு முன்னால் தொட்டியை மோந்து பார்ப்பேன். சமையலுக்கு நடுவில் மோந்து பார்ப்பேன். படித்தவள், பத்திரிகையில் எழுதுகிறவள், நாற்காலி மேல் ஏறி நின்று மீன் தொட்டியை மோந்துகொண்டிருக்கிறாள். கடல் வாசனைதான் வந்தது. நாற்றம் வரவில்லை. அது சுருங்கியே கிடந்தது.

என் கணவர் ஒருநாள், "எடுத்துப் போட்டுடலாமா? பாக்கவே கஷ்டமா இருக்குது" என்றார்.

"கையை வெச்ச... நடக்கிறது வேற" என்றேன். எனக்கே ஆச்சரியம். இந்தச் சனியன் எப்போது ஒழியும் என்று நான் முனகாத நாள் உண்டா? அதே நான்தான் இப்போது காவல் நிற்கிறேன்.

தினகரனை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். பழனியின் ஜீப்தான் மலை ஏற்றிக் கொண்டுவந்தது. காலில் கட்டு. வாசலில் இறங்கி, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, நேராகத் தொட்டிக்குத்தான் போனான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நானும் என் கணவரும் பின்னால் நின்றோம்... ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகள் மாதிரி.

ரொம்ப நேரம் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, "வாயை மூடிடுச்சு" என்றான்.

"அது நல்லதா கெட்டதா?"

"நல்லது அண்ணி. ரொம்ப நல்லது."

அப்போதுதான் பார்த்தேன். பிளந்திருந்த வாய் மூடி, விரல்களில் ஒரு பக்கம் மட்டும் லேசாக உப்பியிருந்தது. என் கணவர் விட்ட மூச்சு அடுப்படி வரை கேட்டிருக்கும்.

தினகரன் டார்ச்சை வாங்கி, பாறைகளுக்குப் பின்பக்கம் அடித்துப் பார்த்தான். மற்ற துண்டுகள் எங்காவது கிடந்து அழுகினால் ஆபத்து என்று. ஓரமாகக் குனிந்து, கழுத்தை வளைத்து, திடீரென்று அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணி, இங்க வாங்க."

பாறை இடுக்கில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு இன்னொரு சாமந்தி. குட்டி விரல்களை நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தது. பம்பில் பிய்ந்த ஒரு துண்டு. என் வலையில் சிக்காமல் போய், பாறையில் ஒட்டிக்கொண்டு, தானே ஒரு முழு உயிராக ஆகிக்கொண்டிருக்கிறது. இந்த வகைச் சாமந்திக்கு அப்படி ஆவது உண்டாம். எப்போதாவது.

தினகரன் சிரித்தான். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து. விபத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கணவர் உடனே, "நான் சுவிட்ச் போட்டதாலதானே" என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை தினகரன் குச்சியை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தான். பம்பு வாய்க்கு வலை மாட்டினான். பிறகு என்னிடம் மெதுவாக, சர்க்கரை கடன் கேட்பவன் மாதிரி குரலில் சொன்னான். "அண்ணி, ரெண்டும் வளந்துச்சுன்னா இந்தத் தொட்டி பத்தாது."

நான் கேட்காத மாதிரி இருந்தேன். ஆனால் என் கணவர் கேட்டுவிட்டார். குற்ற உணர்ச்சி மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலின் இந்த மூலையை அளந்தார், அந்த மூலையை அளந்தார். கடைசியில் ஜன்னலோரம் ஒரு இடத்தை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். நல்ல இடம். என் எழுத்து மேஜை இருந்த இடம்.

இந்த வாரப் பத்தியை அடுப்படியில், அரிசி டின் மேல் பேப்பரை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து ஆடியிருந்தால் ஆசிரியர் பொறுத்துக்கொள்ளவும்.